சண்டை விளையாட்டுப் பயிற்சியும் தெருச்சண்டையும்

சண்டை விளையாட்டு என்பது விதிகளுக்கு உட்பட்டு, நடுவர் முன்னிலையில், இருவர் உடல்வலிமையாலும் நுட்பத்தாலும் மோதிக்கொள்ளும் போட்டி ஆகும். குத்துச்சண்டை, மற்போர், ஜூடோ, கராத்தே, டைக்குவாண்டோ, சிலம்பம், கலப்புத் தற்காப்புக் கலை ஆகியன இதில் அடங்கும். தெருச்சண்டை என்பது விதியோ நடுவரோ இன்றிப் பொது இடத்தில் நிகழும் கைகலப்பு அல்லது தாக்குதல் ஆகும். முன்னதில் பெற்ற பயிற்சி பின்னதில் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது பயிற்சியாளர்கள், காவல்துறையினர், விளையாட்டு அறிவியலாளர்கள் ஆகியோரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் பொருளாகும்.

சுருக்கமாகக் கூறின், எதிர்ப்புக் காட்டும் எதிராளியுடன் ஒழுங்காகப் பயின்ற ஒருவர், ஆயுதமற்ற ஒற்றை எதிராளியை எதிர்கொள்ளும்போது பயிலாதவரைவிடத் தெளிவாக மேம்பட்ட நிலையில் இருப்பார். ஆயினும் தெருவில் முடிவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அடியும் பிடியும் அல்ல; எதிராளிகளின் எண்ணிக்கை, ஆயுதம், எதிர்பாராத தாக்குதல், இருள், கடினமான தரை ஆகியவையே. இவை விளையாட்டு விதிகளால் களத்திலிருந்து நீக்கப்பட்டவை. ஆகவே ஆபத்தை முன்கூட்டி உணர்தல், விலகுதல், தப்பித்தல் ஆகியவற்றைக் கற்பிக்காத பயிற்சி தற்காப்பின் ஒரு பகுதியை மட்டுமே கற்பிக்கிறது.

சென்னையின் தென்புறநகரில் இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரிந்த இளம்பெண் பொறியாளர் ஒருவர் 2014 பெப்ரவரியில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பழைய மாமல்லபுரம் சாலையில் இரவுப்பணி செய்வோரின் பாதுகாப்பும் தற்காப்புப் பயிற்சியின் தேவையும் பரவலாகப் பேசப்பட்டன.

சொற்பொருள்

"தெருச்சண்டை" என்னும் சொல் ஒன்றுக்கொன்று வேறான பல நிகழ்வுகளைக் குறிக்கப் பயன்படுகிறது. எந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துப் பயிற்சியின் பயனும் மாறுபடும்.

* வாய்ச்சண்டை முற்றிய கைகலப்பு: வண்டி உரசல், வாகனம் நிறுத்துமிடம், மதுக்கடை வாசல் போன்ற இடங்களில் இருவர் வாக்குவாதம் செய்து கைகலப்பில் முடிவது. இதில் இருவருக்கும் விலகிச்செல்ல வாய்ப்பு உண்டு.
* வழிப்பறி: பொருளைப் பறிப்பதே நோக்கம். தாக்குபவர் இடத்தையும் நேரத்தையும் தாமே தேர்ந்தெடுக்கிறார்.
* கும்பல் தாக்குதல்: பலர் சேர்ந்து ஒருவரைத் தாக்குவது. பெரும்பாலும் கட்டை, கத்தி, அரிவாள் போன்ற ஆயுதங்கள் இருக்கும்.
* பாலியல் தாக்குதல்: தாக்குபவர் முன்பின் அறியாதவராகவும் இருக்கலாம், நன்கு அறிந்தவராகவும் இருக்கலாம்.

இவற்றுள் முதல் வகை மட்டுமே சண்டை விளையாட்டுப் போட்டியை ஓரளவு ஒத்தது. ஏனைய மூன்றிலும் தாக்கப்படுபவர் ஆயத்தமாக இருப்பதில்லை. எனவே "தெருச்சண்டை" என்பதையும் "தற்காப்பு" என்பதையும் ஒரே பொருளில் வழங்குவது குழப்பத்தை உண்டாக்கும். சண்டையில் வெல்வது ஒன்று. தாக்குதலிலிருந்து உயிருடன் மீள்வது மற்றொன்று.

தமிழகத்தில் பயிற்சி மரபுகள்

தமிழகத்தின் மரபான போர்க்கலைகளுள் சிலம்பம், குத்துவரிசை, மல்யுத்தம், அடிமுறை, வர்மக்கலை ஆகியன குறிப்பிடத்தக்கவை. சிலம்பத்தில் பொதுவாக ஆடுபவரின் நெற்றி உயரத்திற்கு அளந்தெடுத்த கம்பு பயன்படுத்தப்படுகிறது. அடிமுறையும் வர்மக்கலையும் கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் ஆசான்கள் வழியாகப் பேணப்பட்டு வருகின்றன.

வடசென்னையில் ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றிய குத்துச்சண்டை "ஆங்கிலக் குத்துச்சண்டை" என்று அழைக்கப்பட்டது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை முதலிய பரம்பரைகளாகப் பிரிந்து வீரர்கள் மோதினர். இங்கு "பரம்பரை" என்பது குருதி உறவைக் குறிக்காது. ஒரே வாத்தியாரின் வழிவந்த மாணவர் குழுவைக் குறிக்கும். 2021ஆம் ஆண்டு பா. ரஞ்சித் இயக்கத்தில் வெளிவந்த சார்பட்டா பரம்பரை திரைப்படம் இம்மரபை 1970களின் பின்னணியில் சித்தரித்தது.

பிற்காலத்தில் கராத்தே, டைக்குவாண்டோ வகுப்புகள் பள்ளிகளிலும் மொட்டைமாடிகளிலும் பரவின. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில், சிறுசேரிக்கு அருகிலுள்ள மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செய்முறை விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது.

எதிர்ப்புடன் கூடிய பயிற்சி

ஒரு பயிற்சி தெருவில் பயன்படுமா என்பதை மதிப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, மாணவர் எதிர்ப்புக் காட்டும் எதிராளியுடன் பயில்கிறாரா என்பதாகும். காற்றில் குத்துவதும், அசையாமல் நிற்கும் கூட்டாளியின் கையை முறுக்குவதும் அசைவை மனதில் பதிக்க உதவும். ஆனால் எதிராளி எப்போது, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு விசையுடன் வருவார் என்பதைக் கணிக்கும் திறன், அவர் தம் விருப்பப்படி இயங்கும்போதுதான் வளரும்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்து பயிற்சியை மாற்றியமைத்தவர்களுள் சப்பானைச் சேர்ந்த சிகோரோ கானோ முதன்மையானவர். 1882இல் ஜூடோவைத் தோற்றுவித்த அவர், முழு விசையுடன் பயில முடியாத ஆபத்தான உத்திகளை முன்வகுத்த அசைவுத் தொகுதிகளாக மட்டும் வைத்துக்கொண்டு, பாதுகாப்பாக முழு வலிமையுடன் செய்யக்கூடிய எறிதல்களையும் பிடிகளையும் தடையற்ற பயிற்சிச் சண்டைக்கு உரியனவாக்கினார். ஆபத்தான உத்தியை மெதுவாகப் பயின்றவரைவிட, எளிய உத்தியை முழு வேகத்தில் ஆயிரம் முறை செய்தவரே மோதலில் அதைச் சரியாகப் பயன்படுத்துவார் என்பது இதன் அடிப்படை.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் நடைபெற்ற முதல் யுஎஃப்சி போட்டி இக்கருத்தைப் பலருக்கும் உணர்த்தியது. எடைப்பிரிவு இன்றி, கடித்தலையும் கண்ணைத் தோண்டுதலையும் தவிர ஏறத்தாழ எல்லாவற்றையும் அனுமதித்த அப்போட்டியில், பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரரான ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். அவர் அக்களத்தின் பெரிய உடல்வாகு கொண்டவர்களுள் ஒருவர் அல்லர். நெருங்கிப் பிடித்துத் தரையில் வீழ்த்தும் எதிராளியை, அடிப்பதில் மட்டும் தேர்ந்த வீரர்களால் சமாளிக்க இயலவில்லை.

2017 ஏப்ரலில் சீனாவின் செங்டு நகரில் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் சூ சியாவோதோங், தாய்ச்சி ஆசான் எனத் தம்மை அறிவித்துக்கொண்ட ஒருவரைச் சில நொடிகளிலேயே வீழ்த்திய நிகழ்வும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இது ஒரு கலையின் தோல்வி என்பதைவிட, எதிர்ப்பின்றிப் பயிலும் முறையின் தோல்வியாகவே பலராலும் கருதப்பட்டது.

பயிற்சியால் கிடைப்பவை

* தூரக்கணிப்பு: எதிராளியின் கை எட்டும் எல்லையை உணர்ந்து அதற்கு வெளியே நிற்றல். சிலம்பத்தின் காலடி வரிசைகளும் குத்துச்சண்டையின் கால்நகர்வும் இதையே கற்பிக்கின்றன.
* அடி தாங்கும் பழக்கம்: முதல் அடியில் திகைத்து நின்றுவிடாமல் தொடர்ந்து இயங்குதல். இதுவரை முகத்தில் அடியே வாங்காத ஒருவருக்கு முதல் அடியின் வலியைவிட அதிர்ச்சியே பெரிதாக இருக்கும்.
* சமநிலை: தள்ளினாலும் இழுத்தாலும் நிலைகுலையாமை, விழ நேர்ந்தால் தலை அடிபடாமல் விழுதல். ஜூடோவில் முதலில் கற்பிக்கப்படுவது விழும் முறையே.
* தாங்குதிறன்: முழு விசையுடன் மோதும்போது பயிலாதவர் ஒரு நிமிடத்திற்குள்ளாகவே மூச்சு வாங்கத் தொடங்கிவிடுவார். ஓடித் தப்புவதற்கும் இதே தாங்குதிறன் தேவை.
* தன்னடக்கம்: தம் திறனையும் அதன் எல்லையையும் நாள்தோறும் உணர்பவருக்கு, வீணான வாக்குவாதத்தில் தம்மை நிலைநாட்டும் தேவை குறைகிறது. பயிற்சிக்கூடத்தில் தோற்றுப் பழகியவருக்குச் சாலையில் ஒரு வசைச்சொல்லைக் கேட்டு விலகிச்செல்வது எளிது.

களத்திற்கும் தெருவிற்கும் உள்ள வேறுபாடுகள்

தொடக்கம்

களத்தில் மணி ஒலித்த பின்னரே சண்டை தொடங்கும். தெருவில் முதல் அடியே தொடக்கமாகும். அது பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வரலாம். வழி கேட்பது, மணி கேட்பது, தோளில் கைபோட்டுப் பேசுவது போன்றவை கவனத்தைத் திருப்பப் பயன்படுகின்றன. தேர்ந்த குத்துச்சண்டை வீரரும் கையைக் கீழே தொங்கவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது பயிலாதவரின் ஒரே அடியில் விழக்கூடும்.

எண்ணிக்கை

விளையாட்டில் ஒருவருக்கு ஒருவரே எதிராளி. தெருவில் எதிராளியின் நண்பர்கள் எந்நேரமும் சேர்ந்துகொள்ளலாம். ஒருவரைப் பிடித்துத் தரையில் அழுத்துவது தனிமோதலில் சிறந்த உத்தியாயினும், இரண்டாமவர் தலையில் உதைக்க அதுவே வழிவகுக்கும். இதனை விளங்கிக்கொள்ளக் கபடியை ஒப்பிடலாம். ஏழு பேர் நடுவே தனியே பாடிச்செல்பவர் எவரையும் அடித்து வீழ்த்த முயல்வதில்லை. சூழப்படுவதற்கு முன் தம் எல்லைக்கோட்டை எட்டுவதே அவரது வெற்றி. பலர் தாக்கும்போது தற்காப்பின் நோக்கமும் இதுவே.

ஆயுதம்

கத்தி வைத்திருப்பவரை வெறுங்கையால் எதிர்கொள்வது தேர்ந்தவருக்கும் பேராபத்தானது. கத்தி பெரும்பாலும் குத்து விழும்வரை கண்ணில் படுவதில்லை. 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டுயல்லர், சுமார் 21 அடி (6.4 மீட்டர்) தொலைவில் நிற்பவர் ஏறத்தாழ 1.5 நொடியில் பாய்ந்து வந்து குத்திவிட முடியும் என்பதைச் செய்முறையால் காட்டினார். துப்பாக்கி ஏந்திய காவலருக்கே அது உறையிலிருந்து எடுக்கும் நேரம்தான். கையெட்டும் தொலைவில் கத்தியைத் தட்டிவிடும் திரைப்பட உத்திகளின் நிலையை இதிலிருந்து உணரலாம்.

தரையும் சூழலும்

பயிற்சிக்கூடத்தில் மெத்தை விரிப்பு உண்டு. தெருவில் தார்ச்சாலை, நடைபாதை விளிம்பு, சரளைக்கல், ஓடும் வாகனங்கள் உள்ளன. கைகலப்பு மரணங்கள் பலவற்றில் உயிரைப் பறிப்பது குத்து அன்று. குத்து வாங்கியவர் நினைவிழந்து விழும்போது தலை தரையில் மோதுவதே. லுங்கி, சேலை, செருப்பு, முதுகுப்பை ஆகியனவும் அசைவைக் கட்டுப்படுத்தும். உயர உதைக்கும் உத்தி ஈரமான சாலையில் உதைப்பவரையே வீழ்த்தக்கூடும்.

முடிவு

நடுவர் நிறுத்தியதும் போட்டி முடியும்; மருத்துவர் அருகில் இருப்பார். தெருவில் நிறுத்துவோர் இல்லை. அதன்பின் மருத்துவமனை, காவல்நிலையம், நீதிமன்றம், பழிவாங்கல் ஆகியன தொடரலாம்.

கலைவாரியாக நிறைகுறைகள்

ஒவ்வொரு விளையாட்டின் விதியும் அதன் வீரரிடம் ஒரு பழக்கத்தை உருவாக்குகிறது. அப்பழக்கமே வேறு சூழலில் குறையாக மாறலாம்.

* குத்துச்சண்டை: கைவேகம், தலையசைவு, அடி தாங்கும் பழக்கம் ஆகியவற்றில் சிறந்தது. ஆனால் 1867ஆம் ஆண்டுக் குயின்சுபெரி விதிகளுக்குப் பின் கையுறை இதன் பிரிக்கமுடியாத பகுதியாயிற்று. கட்டும் கையுறையும் இன்றி மண்டையோட்டில் ஓங்கிக் குத்தும்போது சுண்டுவிரலுக்கு அடியிலுள்ள அங்கை எலும்பு முறிவது வழக்கம். மருத்துவத்தில் இது "குத்துச்சண்டை வீரர் முறிவு" என்றே வழங்கப்படுகிறது. எதிராளியின் பல் பட்டுக் கைமுட்டியில் ஏற்படும் காயம் கடுமையாகச் சீழ்பிடிக்கக்கூடியது.
* மற்போர், ஜூடோ: நெருங்கிப் பிடிக்கும் எதிராளியைக் கட்டுப்படுத்த மிகவும் ஏற்றவை. சேதம் விளைவிக்காமல் அடக்கவும் இயலும் என்பது சட்டநோக்கில் முதன்மையான நன்மை. ஆனால் அடிகளை எதிர்கொள்ளும் பயிற்சி இவற்றின் போட்டிகளில் இல்லை.
* பிரேசிலிய ஜியு-ஜிட்சு: கீழே விழுந்தவர் மேலுள்ள எதிராளியிடமிருந்து மீளக் கற்பிப்பதில் நிகரற்றது. ஆயினும் விரும்பித் தரைக்குச் செல்லும் போட்டிப் பழக்கம் பலர் உள்ள இடத்தில் ஆபத்தானது. கழுத்துப் பிடி ஏறக்குறைய 10 நொடிகளில் நினைவிழக்கச் செய்யும். விடாமல் நீட்டித்தால் உயிருக்கே ஊறு நேரும்.
* டைக்குவாண்டோ, கராத்தே: தூரமும் வேகமும் நன்கு வளரும். ஒலிம்பிக் டைக்குவாண்டோவில் முகத்தில் குத்துவது அனுமதிக்கப்படுவதில்லை. இதனால் வீரர்கள் கைகளைத் தாழ்த்தி வைக்கப் பழகிவிடுவர். தொட்டதும் புள்ளி வழங்கிச் சண்டையை நிறுத்தும் கராத்தே போட்டிகளில், தொட்டபின் தளர்ந்துவிடும் பழக்கம் ஏற்படலாம்.
* சிலம்பம்: ஆயுதத்தின் தூரத்தையும் பல திசைகளிலிருந்து வரும் வீச்சையும் கணிக்கப் பழக்குவது இதன் தனிச்சிறப்பு. அலங்காரச் சிலம்பத்தில் மட்டும் பயின்றவர் கம்பை அழகாகச் சுழற்றுவார். போர்ச் சிலம்பத்தில் பயின்றவரே வரும் அடியைத் தடுப்பார். குடையோ கைத்தடியோ கம்புக்கு ஓரளவே ஈடாகும்.
* வர்மக்கலை: உடலின் நுண்ணிய இடங்களைத் தாக்குவதாகக் கூறப்படும் உத்திகள், நகர்ந்துகொண்டிருக்கும் எதிராளியிடம் துல்லியமாகப் பயன்படுத்துவதற்கு மிகவும் கடினமானவை. அவற்றை முழு விசையுடன் பயிலவும் இயலாது. இம்மரபின் மருத்துவப் பகுதி தனியே கருதத்தக்கது.

உடலும் மனமும்

ஆபத்தை உணர்ந்தவுடன் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயத்துடிப்பு விரைவடைகிறது; கைகள் நடுங்குகின்றன; பார்வை ஒரு புள்ளியில் குவிந்து பக்கவாட்டுக் காட்சி மங்குகிறது; ஓசைகள் கேளாமற் போகலாம். விரல்நுனி நுட்பம் தேவைப்படும் அசைவுகள் இந்நிலையில் முதலில் தவறும். தள்ளுதல், இழுத்தல், ஓடுதல் போன்ற பெருந்தசை அசைவுகள் நிலைத்து நிற்கும்.

1952இல் பிரித்தானிய உளவியலாளர் வில்லியம் எட்மண்ட் ஹிக், தேர்வுகளின் எண்ணிக்கை கூடக்கூட எதிர்வினை நேரமும் கூடுகிறது என்பதைச் சோதனைகளால் காட்டினார். ஐம்பது உத்திகளை அரைகுறையாக அறிந்தவரைவிட ஐந்து உத்திகளை நன்கு பயின்றவர் விரைந்து செயற்படுவார் என்னும் வாதத்திற்கு இவ்விதி அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆயினும் நீண்ட பயிற்சி இத்தாமதத்தைக் குறைக்கும் என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

போட்டி அனுபவம் இந்நடுக்கத்திற்கு ஓரளவு பழக்கப்படுத்துகிறது. பார்வையாளர் முன் அறிமுகமில்லாத எதிராளியைச் சந்திக்கும் முன் ஏற்படும் பதற்றமும் தெருவில் ஏற்படும் பதற்றமும் ஒன்றல்ல எனினும் ஒரே உடல்வழியில் தோன்றுவனவே. போட்டியிலோ பயிற்சிச் சண்டையிலோ ஒருமுறையும் ஈடுபடாமல் பட்டை மட்டும் பெற்றவருக்கு இப்பழக்கம் கிட்டுவதில்லை.

விளையாட்டிலிருந்து தற்காப்பு முறைகளுக்கு

விளையாட்டின் எல்லைகளைத் தெருவில் நேரில் உணர்ந்த சிலர் தனி முறைகளை வகுத்தனர். 1907இல் சாங்காய் மாநகரக் காவல்துறையில் சேர்ந்த வில்லியம் ஃபேர்பேர்ன், அந்நகரின் தெருவன்முறைகளில் பெற்ற பட்டறிவுடன் ஜூடோ முதலிய கலைகளையும் இணைத்து "டிஃபெண்டு" என்னும் முறையை வகுத்தார். இது குறித்த அவரது நூல் 1926இல் வெளியானது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய அதிரடிப் படையினருக்கும் அவர் பயிற்சி அளித்தார்.

குத்துச்சண்டையிலும் மற்போரிலும் தேர்ந்த இமி லிச்டென்ஃபெல்ட் 1930களின் பிற்பகுதியில் பிராத்திசுலாவா நகரில் யூதர்களைத் தாக்கிய கும்பல்களைத் தெருக்களில் எதிர்கொண்டார். விளையாட்டுக் களத்தில் பெற்ற வெற்றிகள் தெருவில் அப்படியே செல்லுபடியாகா என்பதை அங்கு அவர் உணர்ந்தார். பின்னர் அவர் உருவாக்கிய கிராவ் மகா இசுரேலியப் படைகளில் கற்பிக்கப்பட்டது. கவனிக்கத்தக்கது யாதெனில், இவ்விருவரும் கலைகளைக் கைவிடவில்லை. பலவற்றைக் கழித்து, எளியவற்றை மட்டும் வைத்துக்கொண்டனர்.

இம்முறைகளுக்கும் குறை உண்டு. கண்ணைக் குத்துதல், தொண்டையில் தாக்குதல் போன்றவற்றைக் கூட்டாளியிடம் முழு விசையுடன் பயில இயலாது. எனவே கானோ தவிர்க்க முயன்ற அதே சிக்கல் இங்கு மீண்டும் எழுகிறது. வார இறுதி வகுப்பில் இத்தகைய உத்திகளை மட்டும் கற்றவரைவிட, நாள்தோறும் மோதிப் பழகும் மற்போர் வீரரே தெருவிலும் வலிமையானவராக இருக்க வாய்ப்புண்டு.

பெண்களின் தற்காப்பு

2014 பெப்ரவரி 13 அன்று இரவு, சிறுசேரி சிப்காட் வளாகத்தில் பணி முடித்துச் சென்ற 23 அகவைப் பெண் பொறியாளர் காணாமற்போனார். பெப்ரவரி 22 அன்று அவரது உடல் அதே வளாகப் பகுதியிலுள்ள புதரில் கண்டெடுக்கப்பட்டது. வழக்கை விசாரித்த குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறை ஒருவருக்கு மேற்பட்டோரைக் கைது செய்தது. இத்தகைய நிகழ்வில் தனிமனிதரின் உடற்பயிற்சியை மட்டும் பேசுவது, பொறுப்பைத் தாக்கப்பட்டவர் மீதே சுமத்துவதாகும் என்னும் கருத்து வலுவானது. ஒளியுள்ள சாலை, இரவு வண்டி வசதி, ஆள் நடமாட்டம், சுற்றுக்காவல் ஆகியவை எந்தக் கலையாலும் ஈடுசெய்ய முடியாதவை.

எனினும் பயிற்சி பயனற்றது என்பதும் சரியன்று. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரிடம் சார்லின் சென்னும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. 12 மணிநேரப் பயிற்சி பெற்ற குழுவில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானோர் 5.2 விழுக்காடு, துண்டறிக்கைகள் மட்டும் வழங்கப்பட்ட குழுவில் 9.8 விழுக்காடு. இப்பயிற்சியில் உடல்வழித் தற்காப்பு ஒரு பகுதியே. ஆபத்தின் அறிகுறிகளை இனங்காணுதல், அறிந்தவரிடமே மறுப்பைத் தயக்கமின்றிக் கூறுதல், மனத்தடைகளைக் கடத்தல் ஆகியன பெரும்பகுதியாக இருந்தன. குத்தும் உதையும் மட்டுமே கற்பித்தால் இதே விளைவு கிட்டும் என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

இந்தியாவில் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின்கீழ், "இராணி இலட்சுமிபாய்" பெயரிலான தற்காப்புப் பயிற்சி 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவியருக்கு மூன்று மாத காலம் வழங்கப்படுகிறது. மூன்று மாதத்தில் ஒரு கலையில் தேர்ச்சி பெற இயலாது. ஆனால் உரக்கக் கத்துதல், பிடியிலிருந்து கையை விடுவித்தல், ஓடுதல், நிகழ்ந்ததைத் தயங்காமல் பெரியவர்களிடம் கூறுதல் ஆகியவற்றைக் கற்க அது போதுமானது.

சட்டநிலை

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை வரையறுத்தன. 2024 சூலை 1 முதல் அச்சட்டத்திற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இவற்றிற்கு உரியன. இவற்றின் முதன்மைக் கூறுகள் வருமாறு:

* தம் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு.
* காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு விளைவிக்க உரிமை இல்லை.
* பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது இவ்வுரிமை எழாது.
* கொலை, கொடுங்காயம், வன்புணர்வு, ஆள்கடத்தல், அமிலவீச்சு போன்ற அச்சங்கள் நியாயமாக எழும்போது, தாக்குபவருக்கு மரணம் விளைவிப்பதும் இவ்வுரிமையில் அடங்கும்.

இருவர் இசைந்து பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைப்பது தற்காப்பு ஆகாது. அது புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி இருவர் மீதும் குற்றமாகும். எதிராளி ஓடத் தொடங்கிய பின்னரோ நினைவிழந்து விழுந்த பின்னரோ தொடர்ந்து அடிப்பதும் தற்காப்பு ஆகாது.

பயிற்சி பெற்றவரின் கூடுதல் பொறுப்பை உணர்த்துவது, முன்னாள் துடுப்பாட்டக்காரரும் அரசியல்வாதியுமான நவ்சோத் சிங் சித்து மீதான வழக்கு. 1988 திசம்பர் 27 அன்று பாட்டியாலா நகரில் வாகனம் தொடர்பான தகராற்றில் கையால் தாக்கப்பட்ட 65 அகவை முதியவர் இறந்தார். உச்ச நீதிமன்றம் 2018இல் சித்துவுக்கு 1000 ரூபாய் தண்டம் மட்டும் விதித்தது. மறுஆய்வுக்குப் பின் 2022 மே 19 அன்று ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. குத்துச்சண்டை வீரர், மற்போர் வீரர், துடுப்பாட்டக்காரர் அல்லது மிகுந்த உடல்தகுதி உடையவர் தாக்கும்போது கையே ஆயுதமாகக்கூடும் என்று அத்தீர்ப்பில் நீதிமன்றம் கருத்துரைத்தது. தகராறு தொடங்கிச் சில நிமிடங்களில் முடிந்தது. வழக்கு 33 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

பயிற்சிக்கூடத்தை மதிப்பிடுதல்

தற்காப்பு நோக்கில் ஒரு பயிற்சிக்கூடத்தைத் தேர்ந்தெடுப்போர் பின்வருவனவற்றைக் கருதலாம்.

* தக்க காப்புக் கருவிகளுடன் பயிற்சிச் சண்டை ஒழுங்காக நடைபெறுகிறதா?
* தம்மைவிடப் பெரியவருடனும் வேறு கலை பயின்றவருடனும் மோத வாய்ப்பு உண்டா?
* பேசித் தணித்தல், தூரம் பேணல், தப்பியோடுதல் ஆகியன கற்பிக்கப்படுகின்றனவா?
* கத்தியைப் பறிப்பது எளிது என்று வாத்தியார் உறுதி கூறுகிறாரா? கூறினால் ஐயப்படுதல் நன்று.
* காயங்களும் தலையதிர்ச்சியும் முறையாகக் கவனிக்கப்படுகின்றனவா? தற்காப்பின் பெயரால் பயிற்சியிலேயே நிலையான ஊறு அடைவது நோக்கத்திற்கு முரணானது.

திரைப்படங்களின் தாக்கம்

தமிழ்த் திரைப்படங்களில் நாயகன் ஒருவனே பத்துப் பேரை ஒருவர்பின் ஒருவராக அடித்து வீழ்த்துவது நெடுநாள் மரபு. அடியாட்கள் முறைவைத்து வருவதும், தலையில் கட்டையடி பட்டவர் அடுத்த காட்சியில் எழுந்து நிற்பதும் உண்மையில் நிகழ்வதில்லை. இந்தியன் (1996) திரைப்படம் வர்மக்கலையின் பெயரை மக்களிடையே பரப்பியது. அதே வேளையில் இரு விரல்களால் எவரையும் செயலிழக்கச் செய்யலாம் என்னும் எண்ணத்தையும் பரப்பியது. பயிற்சிக்கு வரும் இளைஞர் பலர் இத்தகைய எதிர்பார்ப்புகளுடனேயே வருகின்றனர். முதல் பயிற்சிச் சண்டையிலேயே அவை பெரும்பாலும் கலைந்துவிடுகின்றன. அதுவும் பயிற்சியின் பயன்களுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

* சிலம்பம்
* குத்துவரிசை
* வர்மக்கலை
* குத்துச்சண்டை
* ஜூடோ
* கபடி
* சிறுசேரி